முன்பள்ளியிடம் என்ன கேட்கிறீர்கள்?
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்



ஜனவரி நெருங்குகிறது. பிள்ளைக்கு மூன்று வயதாகிறது, முன்பள்ளி தேடிக்கொண்டிருக்கிறீர்கள். காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலும் ஜம்பட்டா வீதியை ஒட்டிய தெருக்களிலும் விசாரித்து, கிறிஸ்தவ முன்பள்ளி ஒன்றில்தான் சேர்ப்பது என்று உங்களில் பலர் முடிவும் செய்துவிட்டீர்கள். அனுமதிப் படிவம் வாங்கப் போகிற அன்று நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் அங்கிருக்கும் ஆசிரியைகளுக்கு மனப்பாடம். “மிஸ், எப்ப எழுதப் பழக்குவீங்க?” “இங்கிலிஷ் மீடியம்தானே?” “ஒவ்வொரு நாளும் ஹோம்வேர்க் இருக்குமா?” “இங்க படிச்ச பிள்ளையள் எந்தெந்த ஸ்கூலுக்குப் போனவை?” எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று சொல்வது ஒன்று: “உங்கட இடம் என்றால் டிசிப்ளின் நல்லம், அதுதான் வந்தனாங்கள்.”

இந்த மடல் அந்தக் கேள்விகளைப் பற்றியது. முன்பள்ளியின் ஒவ்வொரு காலைப்பொழுதையும் தீர்மானிப்பவை அவையே என்பதால் அவற்றை மாற்றச் சொல்லிக் கேட்கிறது.

கிறிஸ்தவப் பள்ளிமீது உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை நேற்று முளைத்ததில்லை. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது 1816இல். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை அவர்கள் 1824இல் தொடங்கினார்கள். நல்லாயன் கன்னியர் 1869இல் இலங்கைக்கு வந்தார்கள். சைவக் குடும்பங்களும் அந்தப் பள்ளிகளை நாடின. அதைக் கண்டுதான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சிறுவருக்குப் பாலபாடமும் எழுதினார். பள்ளிக்கூடம் எழுத்தோடு சேர்த்து நடத்தையையும் கற்பிக்க வேண்டும் என்பதில் பாதிரிமாருக்கும் நாவலருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. உங்களில் பலர் சைவர்கள், சிலர் இஸ்லாமியர். அப்படியிருந்தும் தேவாலயத்தோடு ஒட்டிய மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், அங்கே பிள்ளை நல்ல பிள்ளையாக வளரும் என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு முன்பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் படிவம் வாங்கும்போது அதைப்பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கேட்கும் அதிகாரம் உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயதுவரை அது கட்டாயம். ஐந்துக்குக் கீழே வந்தால் அரசின் கை தளர்ந்துவிடுகிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபைகளின் பொறுப்பு. நடத்துவதோ தனியாரும் சமய நிறுவனங்களும் உள்ளூராட்சி மன்றங்களும். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 19,000இற்கும் மேற்பட்ட முன்பள்ளி நிலையங்கள் இருந்தன, பெரும்பாலானவை தனியாருடையவை. பொதுப் பரீட்சை இல்லை, கட்டாயப் பாடநூல் இல்லை. காலை எட்டு மணிமுதல் பதினொன்றரைவரை உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தவணைக் கட்டணம் கட்டும் நீங்களே பெருமளவுக்கு முடிவு செய்கிறீர்கள். சிறுவர் கல்வியில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியைகூட, “பெற்றார் கேக்கினம், நாங்கள் என்ன செய்யிறது?” என்றுதான் சொல்கிறார். பக்கத்து ஒழுங்கை நேர்சரி ஏப்ரலுக்குள் இருபத்தாறு எழுத்தையும் முடித்துவிட்டால், எழுதவைக்காத நேர்சரியிலிருந்து பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பிள்ளைகள் நின்றால் அவருடைய சொற்பச் சம்பளமும் நின்றுபோகும்.

எழுத்து விடயத்திலிருந்தே தொடங்கலாம். இரவு ஏழு மணிக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நடப்பதைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் நாலு கோட்டுக் கொப்பி விரிந்திருக்கிறது. கதிரையில் தலையணை போட்டு உயர்த்தி உட்கார வைத்திருக்கிற பிள்ளையின் கால் நிலத்தில் முட்டவில்லை. பென்சிலைக் கத்தியைப் பிடிப்பதுபோல முஷ்டிக்குள் வைத்து அழுத்துகிறது. தாளில் பள்ளம் விழுகிறது, கோடு வளைகிறது, இறப்பர் போட்டுப் போட்டு அந்த இடம் கிழிந்தும் விட்டது. அம்மா பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து இழுத்து எழுதுகிறார். பத்து வரி முடிந்ததும் மறுநாள் அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைக்கிறது. எழுதியது அம்மா, நட்சத்திரம் பிள்ளைக்கு.

அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது? வளர்ந்தவரின் மணிக்கட்டில் சிறிய எலும்புகள் எட்டு இருக்கும். மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாகியிருக்காது, மிச்சம் இன்னும் குருத்தெலும்புதான். விரல்களின் சிறு தசைகளும் அப்படித்தான் மெல்ல மெல்ல வலுப்பெறுகின்றன. பிள்ளை எழுத மறுத்து அழுவதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ சொல்லாதீர்கள். அதனால் இப்போது முடியவில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் எழுதுவிப்பார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்றதும் அந்தப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுதித்தான். இரண்டு நூற்றாண்டு கழித்து மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர், சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளை அதை விரலால் தடவிப் பழகட்டும் என்றார். முதலில் விரலுக்கு எழுத்தின் வடிவம் பழகும். பென்சிலைத் தாங்கும் வலு பிறகு வரும். சைவ வீட்டு அரிசித் தட்டும் மிஷனரி உட்கார்ந்த மணலும் அந்த மருத்துவரின் அட்டையும் இந்த ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. உங்கள் பிள்ளையின் முன்பள்ளி மட்டும் ஏன் விலகிப் போகிறது? நீங்கள் கொப்பியைக் கேட்பதால்.

“முதலாம் வகுப்புக்கு இடம் எடுக்க வேண்டுமே” என்பீர்கள். அரச பாடசாலைகளின் முதலாம் தர அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை ஒருமுறை வாசியுங்கள். பல ஆண்டுகளாக நடைமுறையிலிருக்கும் பங்கீட்டின்படி நூற்றுக்கு 50 இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே அங்கே படிப்போரின் சகோதர சகோதரியருக்கு. கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்று வருவோர், வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் ஆகியோருக்கு எஞ்சியவை. புள்ளிகள் உங்கள் வாக்காளர் இடாப்புக்கும் வீட்டு உறுதிக்கும் பழைய மாணவர் சான்றிதழுக்கும் வழங்கப்படுகின்றன. பிள்ளை எழுதும் ஏ, பி, சிக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கட்டணம் அறவிடும் பாடசாலைகள் சிலவற்றில் நேர்முகம் இருப்பது உண்மை. அங்கேயும், பெயர் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளை, இரண்டு ஆண்டு கொப்பியோடு மல்லுக்கட்டிச் சோர்ந்துபோன பிள்ளையைவிட எந்த விதத்திலும் குறைந்துபோகாது.

இப்போது ஒழுக்கத்துக்கு வருவோம். நீங்கள் உண்மையில் விரும்பி வந்தது அதைத்தானே.

கொழும்பில் எந்தத் தெருவிலும் மொண்டிசோரி என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். முதல் மூன்று வயதைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் ஒரு நூலாகவும் வெளிவந்தன. பக்தியுள்ள கத்தோலிக்கரான அவர், ஒழுக்கத்தை அறிவுரையால் ஊட்ட முடியும் என்று நம்பவில்லை. வகுப்பறையில் பொருட்களை எப்படி வைப்பது என்பதிலிருந்தே அதைத் தொடங்கினார். ஒவ்வொரு கருவியிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அதன் விளைவை நல்ல முன்பள்ளி ஒன்றில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் காணலாம். தாழ்ந்த தட்டில் சிறிய கண்ணாடிக் கூசா ஒன்று, இரண்டு கிண்ணங்கள். ஒரு சிறுமி கூசாவிலிருந்து நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே. இன்னொரு சிறுவன் வந்து நிற்கிறான். அவனுக்கும் அதுதான் வேண்டும், வேறு கூசா இல்லை. கையை நீட்டுகிறான், ஆசிரியையைப் பார்க்கிறான், கையை இழுத்துக்கொள்கிறான். சிறுமி ஊற்றி முடித்து, மேசையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்து, கூசாவைத் தட்டில் திருப்பி வைக்கும்வரை ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்கிறான். பிறகு எடுக்கிறான். யாரும் அவனுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. கண்ணாடி என்பதால் விழுந்தால் உடையும், சிந்தினால் தானே துடைக்க வேண்டும், இன்னொருத்தி கையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு காலையில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒரு தவணையில் நூற்றுக்கணக்கான முறை நடந்தால் பொறுமை அந்தப் பிள்ளைக்குப் பழக்கமாகிவிடும்.

சிந்திய தண்ணீரைத் துடைத்த துணி கொப்பியில் தெரியாது. அதனால்தான் மாலையில், “இன்றைக்கு என்ன செய்தாய்?” என்ற கேள்விக்கு, “ஒண்டும் செய்யேல்லை, விளையாடினனான்” என்று பிள்ளை சொன்னதும் உங்கள் முகம் சுருங்குகிறது. மறுநாள் ஆசிரியைக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள். அடுத்த வாரம் கூசா அலுமாரிக்குள் போய்விடுகிறது, கொப்பி மேசைக்கு வருகிறது.

பரிசுகளைப் பற்றியும் இதே அம்மையார் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தன் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்தபோது நடுவில் ஒரு பையன் நெஞ்சில் பெரிய பதக்கத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை போலும் என்று நினைத்தால், அவனுக்கு அது தண்டனை நேரமாம். பதக்கத்தை வென்றது வேறொரு பிள்ளை. வேலை செய்யும்போது அது இடைஞ்சலாக இருந்ததால் கழற்றி, சும்மா இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. 1973இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பின் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். நட்சத்திர ஒட்டிகளும் ஆண்டு இறுதிக் கொன்சேட்டில் எல்லோர் கழுத்திலும் விழும் பதக்கங்களும் உங்களை மகிழ்விக்கவே வாங்கப்படுகின்றன. கொன்சேட் வேண்டாம் என்று இந்த மடல் சொல்லவில்லை. அதற்காக இரண்டு மாதம் தினமும் ஒத்திகை நடப்பதையும், நடனம் வராத பிள்ளை பின்வரிசைக்குத் தள்ளப்படுவதையும் மட்டும் நீங்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது உண்மை பேசுதல். கிறிஸ்தவ முன்பள்ளியில் சொல்லும் கதைகளில் பாதி பொய்யும் உண்மையும் பற்றியவை. ஆனால் பிள்ளை அங்கே கேட்கும் முதல் பொய், முதல் நாள் காலை கேற்றடியில் நீங்கள் சொல்வது. “அம்மா இங்கதான் வெளியில நிக்கிறன்” என்று சொல்லிவிட்டு, பிள்ளை விளையாட்டுச் சாமான் பக்கம் திரும்பியதும் ஓட்டோவில் ஏறிவிடுகிறீர்கள். அழுகையைப் பார்க்க முடியாமல் செய்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் விளங்கும். இருந்தும் 2013இல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். 28 சிறு பிள்ளைகள். ஒரு பாதியினரிடம் ஆய்வாளர் நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டு வருவதாகச் சொல்லி, சொன்னபடி கொண்டு வந்தார். மற்றப் பாதியினரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லோர் முன்னும் ஓர் இனிப்பை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். பொறுமை இல்லாத பிள்ளை என்று நாம் குறை சொல்லும் பிள்ளை, பல வேளை வளர்ந்தவர்களின் சொல்லை நம்ப முடியாத பிள்ளையாக இருக்கிறது. “அம்மா இப்ப போறன், பதினொன்றரைக்கு வருவன்” என்று சொல்லுங்கள். அழட்டும், ஆசிரியை தூக்கிக்கொள்வார். பதினொன்றரைக்கு வந்து நில்லுங்கள். இரண்டு வாரத்தில் பிள்ளை கை காட்டி அனுப்பும்.

அடியைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. கொட்டாஞ்சேனையிலானாலும் வெள்ளவத்தையிலானாலும் பிள்ளையை ஒப்படைக்கும்போது, “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிங்க மிஸ்” என்று சொல்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற மூன்று வயதுப் பிள்ளை சிரிப்பதில்லை. அரச பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாது என்ற சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. 2021 பெப்ரவரியில் இந்த நாட்டின் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை தடைசெய்யும் கொடூரமான, இழிவான நடத்துகை என்று தீர்ப்பளித்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

“பைபிளிலேயே பிரம்பு இருக்கிறதே” என்று கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் சாலொமோனின் நீதிமொழிகளைக் காட்டுவதுண்டு. அதே பைபிளில் பிரம்பு மேய்ப்பனின் கையிலும் இருந்தது. அவன் அதால் ஆடுகளுக்கு வழி காட்டினான், ஓநாயை விரட்டினான். ஆட்டை அடித்து நொண்டியாக்கிய மேய்ப்பனை எந்த நற்செய்தியிலும் காணமுடியாது. தம்மிடம் வந்த பிள்ளைகளைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு கோபித்தது சீடர்கள்மீது. கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதிய ஓரிடத்தில் பிரம்பு மேசைமேல் கிடந்தால், அதை எடுத்துவிடச் சொல்லும் உரிமை முதலில் கிறிஸ்தவப் பெற்றோருக்கே உண்டு.

சமயத்தைக்கூட மனப்பாடத்தால் ஊட்டலாம் என்று நினைத்துவிட்டோம். மூன்றரை வயதுப் பிள்ளை மேடையில் ஏறி விளங்காத வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். 1954இல் ரோமில் சோபியா கவலெட்டி என்ற வேதாகம அறிஞர் வேறு வழி ஒன்றைத் தொடங்கினார். மரத்தால் செய்த சிறு பட்டி, சில ஆடுகள், ஒரு மேய்ப்பன். கதையை ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டுப் பொருட்களைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். காணாமற்போன ஆட்டைப் பிள்ளை தன் கையால் தேடி எடுத்து மேய்ப்பனின் தோளில் வைக்கும், பிறகு மறுபடி தொலைக்கும், மறுபடி தேடும். நல்லாயன் என்ற பெயரோடு ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்ட கொட்டாஞ்சேனைக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாடம் வேறு எது? மொறட்டுவைத் தச்சர் ஒருவரிடம் சொன்னால் ஒரு வாரத்தில் செய்து தருவார்.

கிறிஸ்தவ முன்பள்ளி என்றால் இங்கிலிஷ் என்று பொருள்கொள்வதையும் விட்டுவிடுங்கள். இது வெள்ளவத்தைக்காரருக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் ஞாயிறுதோறும் பாடுகின்றன. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் காவியமே செய்தார். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இவ்வளவு செல்வம் இருக்க, பிள்ளைகள் தாங்கள் பார்த்தேயிராத பனியையும் லண்டன் பாலத்தையும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையையும் பிள்ளைகளுக்காகவே பாடிவைத்த நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பெயர்கூடக் கொழும்பில் வளரும் பல பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. இங்கிலிஷ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொழும்பில் வாழும் பிள்ளைக்கு இங்கிலிஷும் வேண்டும், சிங்களமும் வேண்டும். ஆனால் கோபம், பயம், வெட்கம், பொறாமை இவற்றைச் சொல்லப் பிள்ளைக்கு முதலில் கைவருவது வீட்டுமொழிதான். தன்னைத் தள்ளிவிட்டவனிடம், “எனக்கு நொந்தது, இனித் தள்ளாதே” என்று சொல்லத் தெரியாத பிள்ளை திருப்பித் தள்ளும் அல்லது கடிக்கும். பாதி இங்கிலிஷில் தடுமாறி மௌனமாகிவிடும் பிள்ளையை, “சரியான அமைதியான பிள்ளை” என்று நாம் மெச்சிக்கொள்கிறோம்.

கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்கு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறை நினைவூட்டத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த அன்று அந்தச் சத்தம் எத்தனையோ வீடுகளுக்குள் கேட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்த சிறுவர்கள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒழுங்கையில் வளர்ந்த வெவ்வேறு சமயக் குடும்பங்கள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்த காலம் ஒன்றும் இருந்தது. தங்கள் திருத்தலம் சிதறிய பின்னும் பழிவாங்கப் புறப்படாத ஊர் இது. வளர்ந்தவர்கள் அன்று காட்டிய அந்த நிதானத்தைப் பிள்ளைகள் எங்கே கற்பது? கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது முன்பள்ளியில்தான். சில குடும்பங்களுக்கு அந்த இரண்டு ஆண்டு மட்டுமே அப்படி அமைகிறது, முதலாம் தரத்தோடு மொழியும் சமயமும் பார்த்துப் பிள்ளைகள் பிரிந்துவிடுகிறார்கள். நல்ல சமாரியன் கதையை இயேசு சொன்னது, யார் எனக்கு அயலான் என்று கேட்ட ஒருவருக்கு. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் வேற்று இனத்தான். அந்தக் கதையைச் சொல்லும் பள்ளி, நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்துப் பிள்ளை கொண்டு வரும் வட்டிலப்பத்தையும் பொங்கலன்று வரும் சர்க்கரைச் சாதத்தையும் எல்லோரும் சுவைக்க இடம் கொடுக்க வேண்டும். சைவப் பிள்ளையின் நெற்றித் திருநீறு வாசலில் அழிபடக் கூடாது. இந்தக் கோரிக்கையைச் சைவப் பெற்றோர் மட்டும் வைத்தால் புகாராகத் தெரியும். கிறிஸ்தவப் பெற்றோரே, அதை நீங்கள் வையுங்கள்.

“இதெல்லாம் நல்லதுதான், நாளைக்குப் படிப்புக்கு உதவுமா?” என்ற சந்தேகம் இன்னும் இருந்தால் ஒரு செய்தி. 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தாங்களே திட்டமிட்டுச் செய்து பின்பு அதைப்பற்றிப் பேசும் நல்ல முன்பள்ளி கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. நுண்ணறிவுப் பரீட்சையில் இருந்த வித்தியாசம் ஆரம்பப் பள்ளிக்குள்ளேயே மறைந்துவிட்டது. ஆனால் 40 வயதில் விசாரித்தபோது, முன்பள்ளிக்குப் போனவர்களில் வேலையில் இருந்தோர் அதிகம், கைதானோர் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, நிலைத்து நின்றது நடத்தையும் தன்னடக்கமும் சார்ந்த பயன் என்று எழுதினார். நான்கு வயதில் எத்தனை எழுத்து தெரிந்திருந்தது என்பது நாற்பதாவது வயதில் எவருக்கும் உதவியதாக அந்த ஆய்வில் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். அனுமதிப் படிவம் வாங்கப் போகும்போது, சேர்ப்பதற்கு முன் ஒரு காலை வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கிற இடத்தில் ஏன் என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரு பொருளுக்குச் சண்டை பிடித்தால் என்ன செய்வீர்கள், அழுகிற பிள்ளையை யார் தூக்குவார்கள், தமிழில் எவ்வளவு நேரம் கதை சொல்வீர்கள், பிரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் முதல் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு, வேலைக்கு அரைநாள் லீவு போட்டாவது தாயும் தகப்பனும் சேர்ந்து போங்கள். ஐந்து வயதுவரை எங்கள் பிள்ளைக்கு வீட்டுக்கு எழுத்துவேலை வேண்டாம், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டோம், பிள்ளையை வேறு நேர்சரிக்கு மாற்றவும் மாட்டோம் என்று ஆசிரியைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடிக்கச் சம்மதமில்லை என்று எழுத்தில் கொடுங்கள். தவணைக் கட்டணம் கூட்டப்பட்டால் அதில் எவ்வளவு ஆசிரியையின் சம்பளத்துக்குப் போகிறது என்று விசாரியுங்கள்.

கூட்டத்துக்குப் போகுமுன், பதினொன்றரை மணிக்குக் கேற்றடியில் உங்களோடு காத்து நிற்கும் மற்றப் பெற்றோரிடமும் பேசிவிடுங்கள். ஒருவர் தனியே கேட்டால் நிர்வாகம் அதை ஒரு பிள்ளைக்கான சலுகையாகத்தான் எடுக்கும். வகுப்பில் பாதிப்பேர் சேர்ந்து கேட்டால் இரண்டாம் தவணைக்கு நேரசூசியையே மாற்றி எழுதுவார்கள்.